சந்தனம் பூசாத கைகள்

எனக்குத் தோலில் கரப்பான் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. முழங்கை மடிப்பு, மணிக்கட்டு, கழுத்து. டாக்டர் எழுதிக்கொடுத்த களிம்பைப் பூசினால் அடங்கும், விட்டால் கிளம்பும். எண்பதுகளின் கடைசியில், மேற்குத் தாம்பரத்தில் புகுந்த வீட்டில் இருந்தபோது கர்ப்பமானேன். பக்கத்து வீட்டு அக்கா என் களிம்பு டியூபைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, இத்தயா பூசிக்கினு கீற? உள்ள கீற கொழந்தைக்கு எறங்கிடப் போவுது" என்றாள். பயந்துபோனேன். யாரையும் கேட்காமல் அன்றைக்கே அதைக் குப்பையில் போட்டேன்.

ஐந்தாம் மாதத்தில் தோல் வெடிக்கத் தொடங்கியது. சுடச்சுட வெந்நீர் ஊற்றிக்கொண்டால் கொஞ்ச நேரம் அரிப்பு தெரியாது. பிறகு இரண்டு மடங்காகத் திரும்பி வரும். மாமியார் கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்தினார். என் சோப்பைத் தனியாக எடுத்து வைத்தார். மறைமலை நகர் தொழிற்சாலையிலிருந்து ஷிப்டு முடிந்து வரும் கணவர், "ரொம்ப அரிக்குதா?" என்பார். வேறென்ன கேட்பதென்று அவருக்கும் தெரியவில்லை.

ஏழாம் மாதம் வளைகாப்பு. மணைமேல் உட்கார்ந்து கைகளை நீட்டினேன். மணிக்கட்டில் நீர் கசிந்துகொண்டிருந்தது. முதலில் வந்த பெண் சந்தனத்தைத் தொட்ட விரலோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"கன்னத்துல மட்டும் வச்சா போதும்" என்றாள் நாத்தனார்.

அதற்குப் பிறகு வந்தவர்களும் அப்படியே செய்தார்கள். கண்ணாடி வளையல்களை நானே மாட்டிக்கொண்டேன். எரிச்சலில் கண்ணீர் வந்தது. பிறந்த வீட்டுக்குப் போகிற சந்தோஷம் என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

பிறந்த வீட்டுக்குக் கிளம்பும் முன்பே, மறுநாள் காய்ச்சல் கண்டது. கணவர் லீவு போட்டுத் தோல் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனார், மாமியாரும் வந்தார். புண்ணில் சீழ் வைத்திருந்தது.

"யாரைக் கேட்டு மருந்தை நிறுத்துனீங்க?" என்றார் டாக்டர். பக்கத்து வீட்டு அக்கா சொன்னதைச் சொன்னேன். அவர் குரலைத் தணித்தார். "கர்ப்பத்துல பூசக்கூடிய களிம்பு இருக்கும்மா. நான் சொல்ற அளவு, சொல்ற நாள் மட்டும் மெல்லிசா பூசுங்க. வாசலின் எத்தனை தரம் வேணாலும் தடவலாம். குளிக்கிற தண்ணி வெதுவெதுன்னு இருந்தா போதும். கடையில நீங்களா மாத்திரை வாங்கிடாதீங்க."

மாமியார் கேட்டார்: "கொழந்தைக்கு ஒட்டிக்குமா டாக்டர்?"

"இது ஒட்டுற வியாதியே இல்ல. பரம்பரையா வரலாம், வராமலும் போகலாம்."

மாமியார் காதில் 'வரலாம்' மட்டும்தான் விழுந்தது.

இரண்டு வாரத்தில் புண் ஆறியது. பெண் குழந்தை, குறையில்லாமல் பிறந்தாள். ஆனால் மூன்றாம் மாதம் புகுந்த வீட்டுக்குத் திரும்பியதிலிருந்து, தினமும் காலையில் மாமியார் அவளை ஜன்னலோரம் கொண்டுபோய், கையையும் காலையும் மடக்கி நீட்டிப் பார்ப்பார். அடுப்படியிலிருந்து நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நான்காம் மாதம் ஒருநாள் அப்படிப் பார்த்தவர், வந்து குழந்தையை என் மடியில் வைத்தார். இரண்டு கன்னமும் சிவந்து சொரசொரத்திருந்தன.

"உன் தோலத்தான் கொண்டாந்துகீது" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.