குழல் ஆடும் நேரம்

குறி தப்பாவிட்டால் புகழ் சுட்டவர் கைக்கு, தப்பினால் பழி தோட்டா அடைத்தவன் தலைக்கு: இதுதான் எங்கள் தொழில். உங்களில் தையல்காரர், சமையல்காரர் யாராவது இருந்தால் என் பாடு புரியும்.

தொண்ணூறுகளில் ரங்கூனில், மிங்கலாடோன் பக்கம் ஒரு துப்பாக்கிக் கழகத்தில் இருந்தேன். வெளிநாட்டுத் தோட்டா எளிதில் கிடைக்காது. சுட்டு விழுந்த பித்தளைக் கூடுகளில் வெடிமருந்தும் குண்டும் புதிதாய் அடைத்துத் தருவேன்.

பிரசங்கம்

ஊ தெய்ன் ஓய்வுபெற்ற கப்பல் அதிகாரி. ஒருநாள் தன் குறி அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு ஓட்டைகூட இல்லை. விடுவேனா?

"சுட்டதும் துப்பாக்கிக் குழல் கோயில் மணி மாதிரி அதிரும். அதன் முனை மேலும் கீழும் ஆடும். ஆட்டம் திரும்புகிற இடத்தில் ஒரு கணம் நிற்கும். குண்டு அப்போது வெளியே வந்தால் எல்லாம் ஒரே இடத்தில் விழும். மருந்தைக் கூட்டிக் குறைத்து அந்தக் கணத்தைப் பிடிக்கணும்" என்று விளக்கினேன். தேநீர் ஆறிப்போனது. அதற்குள் பக்கத்து வரிசைக்காரர் வந்து, தன் அட்டையில் இரண்டு மடங்கு ஓட்டை இருப்பதாகச் சொன்னார்.

ஊ தெய்ன் எழுந்தார். பர்மிய வழக்கப்படி என் பெயருக்கு முன்னால் 'கோ' போட்டுத்தான் கூப்பிடுவார். "குழல் நிற்கிற இடமெல்லாம் சரி கோ செல்வம், நான் குறிபார்த்த அட்டைதான் தப்பு."

வெயில்

ஒரு குளிர்ந்த காலையில் மருந்து அளவு அற்புதமாக அமைந்தது. ஊரெல்லாம் சொல்லிவிட்டு, தோட்டாப் பெட்டியைப் பங்குனி வெயிலில் மறந்து வைத்தேன். சூடேறிய மருந்து வேகமாய் எரிந்தது. குழல் நிற்பதற்கு முன்பே குண்டு கிளம்பிவிட்டது. மத்தியானம் சுட்ட குண்டுகளெல்லாம் சிதறின. கழகத்துக்குச் சுட வரும் முன்னாள் தலைமையாசிரியை டோ கின் அட்டையைப் பார்த்தார்.

"என் பள்ளியிலும் காலையில் மட்டும் படிக்கிற பையன்கள் இருந்தாங்க, தம்பி."

வள்ளி

வள்ளி அலோன் துறைமுகக் கிடங்கில் வேலை பார்த்த நம் தமிழ்ப் பெண். வெளிநாட்டுப் போட்டிக்கு ஆள் எடுக்கும் தேர்வு நெருங்கியது. வயது வரம்பால் அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அவள் துப்பாக்கிக்கென்றே அளவு பார்த்து அடைத்துக் கொடுத்தேன். என் கையில் ஒரே ஓட்டையாய் விழுந்தவை, அவள் கையில் மேலும் கீழுமாய்ச் சிதறின. கை நடுங்குகிறதோ என்று அவளிடமே கேட்டேன். அவள் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் வந்தாள். "அண்ணே, நீங்க எப்படிச் சுட்டுப் பார்த்தீங்க? காட்டுங்க."

படுத்து, மணல் மூட்டைமேல் குழலை அழுத்தி வைத்தேன்.

"குழலையே மூட்டைல வெச்சா, என் கைல ஆடுற மாதிரி அது எப்படிண்ணே ஆடும்?"

மூட்டையை ஓரமாய்த் தள்ளினேன். அந்த வாரம் முழுக்க அவள் சுட்டாள், நான் அளவை மாற்றி மாற்றி அடைத்தேன். தேர்வானவர்களில் கடைசி இடத்தைப் பிடித்தாள்; அதுவே போதுமாயிருந்தது. தோட்டா யாருடையது என்று நடுவர் கேட்டார். நான் சட்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"இந்த அண்ணன் அடைச்சதுதாங்க. ஆனா இவரைச் சுட்டுப் பார்க்க மட்டும் விட்டுடாதீங்க."

ஆக, கழகத்தில் அதிர்வைப் பற்றி அதிகம் பேசியவனும் நான்தான், அதிகம் அதிர்ந்துபோனவனும் நான்தான்.