மந்திரவாதியின் கருத்த விரல்

சிவகாசியில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்த நாட்களில், நகரத்தில் வாழும் மந்திரவாதிகளைப் பற்றிய ஓர் ஆங்கில நாவல் வரிசைக்கு நான் அடிமை. அதில் கோபத்தோடு மந்திரம் போடுகிறவனின் விரல் கருத்துவிடும். ஏன் கருக்கிறது என்று இணையத்தில் வாசகர்கள் ஓயாமல் சண்டை போட்டார்கள். மந்திரமே நல்லது கெட்டது பார்த்துத் தண்டிக்கிறது என்றது ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்துக்காகப் பக்கம் பக்கமாக எழுதினேன். எதிர்த்துப் பேசிய ஒருவனையும் விட்டதில்லை.

ஒருநாள் காலையில் சாப்பிடும்போது இதைத் தங்கையிடம் சொன்னேன். அவளுக்கு எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிகளுக்கு மருந்து செலுத்துகிற வேலை.

"மருந்துக்கு நல்லது கெட்டது என்னண்ணே தெரியும்? கோவத்துல நம்ம கைதான் வெடுக்குன்னு போகும், மருந்து உரசிப் பத்திக்கிரும். அம்புட்டுதான்" என்றாள்.

புத்தகத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காதவள் இதில் பேசக்கூடாது என்று கத்திவிட்டேன். அவள் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு வாசலுக்குப் போனாள். அவளோடு வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அக்கா அங்கே கம்பெனி வேனுக்காக நின்றிருந்தாள்.

"நான் இன்னைக்கு வரலைன்னு போர்மேன்ட்ட சொல்லிருங்கக்கா."

"உடம்புக்கு என்ன?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கோவமா இருக்கேன்."

அந்த அக்கா சரியென்று தலையாட்டிவிட்டு வேனில் ஏறிக்கொண்டாள். காய்ச்சல் என்று சொல்லியிருந்தால்கூட இரண்டு கேள்வி கேட்டிருப்பாள்.