டெலிமாவின் சீட்டி

டெலிமாவுக்குக் கல்யாணச் சீராக அப்பா தெலஸ்ஃபோர் கொடுத்தது ஒரு பல்செட். அதை மாட்ட வாய் காலியாக இருக்க வேண்டுமே? கல்யாணத்துக்கு முந்தின குளிர்காலத்தில் பல் டாக்டரிடம் உட்கார வைத்து மேலும் கீழுமாக மொத்தத்தையும் பிடுங்கச் செய்தார். கியூபெக்கின் அந்த ஆற்றங்கரை ஊர்களில் வசதியுள்ள தகப்பன் பெண்ணுக்குச் செய்யும் மரியாதை அது. பல்வலிச் செலவோடு மருமகள் வந்து இறங்கினாள் என்று சம்பந்தி வீட்டார் முகம் சுளிக்கக் கூடாதாம்.

அவளுக்குக் கடைவாயில் இரண்டு சொத்தை, அவ்வளவுதான். ஈறில் ரத்தம் கசியும். ஒருமுறை கன்னம் வீங்கிச் சீழ் வைத்தது. வேளாவேளைக்கு ரொட்டியில் சர்க்கரைப்பாகை ஊற்றித் தின்றால் வேறென்ன ஆகும்? முன்பற்கள் கல் மாதிரி இருந்தன. அவற்றையும் பிடுங்கினார்களே, நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அந்த முன்பல் இடுக்கில்தான் அவளுடைய சீட்டி இருந்தது. வசந்தத்தில் பனி உருகி ஆறு பொங்கும்போது, அவளுக்கு நிச்சயித்த ஓவிலா, குளிர்காலமெல்லாம் காட்டில் தங்கி வெட்டிய மரங்களை ஆற்றில் மிதக்கவிட்டு ஓட்டிக்கொண்டு வருவான். கத்தினால் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காத இரைச்சல். டெலிமாவின் சீட்டி மட்டும் அதைக் கிழித்துக்கொண்டு போகும்.

"டேய், ஒன் ரயிலு ஊதுதுடா" என்று கூட்டாளிகள் சீண்டுவார்கள். அவன் தொப்பியைக் கழற்றி ஆட்டுவான்.

"அப்பா, முன்பல்லை மட்டும் விட்டுறச் சொல்லுங்களேன். சீட்டி அடிக்க வராதே" என்று அவள் கேட்டுத்தான் பார்த்தாள்.

"கல்யாணம் ஆகப்போற பொம்பளைக்குச் சீட்டி எதுக்கு? ஒங்கக்காவுக்கு ஒரே நாள்ல எடுத்தாங்க. அவ என்ன கொறஞ்சா போயிட்டா?" என்று அப்பா சிரித்தார்.

டெலிமாவும் சிரித்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் புதுப் பல்லைப் பார்த்துப் பொறாமைப்பட்டபோது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வசந்தம் வந்தது. ஆற்று வளைவில் நின்று ஊதினாள். காற்றுதான் வந்தது, பல்செட் நகர்ந்தது. சால்வையைக் கழற்றி ஆட்டினாள். கரையில் நின்ற கூட்டத்தில் அது கண்ணில் படாமல், அவன் தேடிப் பார்த்தபடியே கடந்து போனான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "கரைக்கு வரலையா புள்ள?" என்றான்.

"வந்தேன்."

வாயைத் திறந்து காட்டினாள். அவன் வெகுநேரம் பார்த்தான். "அழகா இருக்கு" என்றான். அதற்குப்பின் ஆயுசு முழுக்க அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அதுதான் அவளைத் தின்றது. ஈறு தேயத் தேயப் பல்செட் உரசிப் புண்ணானது. பட்டாணி சூப்பைக் குடித்துக்கொண்டே பிள்ளைகளை வளர்த்தாள்.

வயதாகி ஓவிலா படுக்கையில் விழுந்தபோது அவர் நினைவு பழைய ஆற்றுக்கே போய்விட்டது. வாயைத் துடைத்துவிடும் கிழவி யாரென்று தெரியவில்லை.

"ஏம்மா, வளைவு வந்துருச்சு. அவ இன்னும் சீட்டி அடிக்கலையே."

"நாந்தாங்க டெலிமா. பக்கத்துலதான் இருக்கேன்."

"போங்கம்மா. அவ கூப்புட்டா எனக்குத் தெரியாதா?"

அவள் பல்செட்டைக் கழற்றி மடியில் வைத்தாள். இரண்டு விரலை வாயில் கொடுத்து, வெறும் ஈறால் ஊதினாள். அவர் தலையைத் தூக்கிக் காது கொடுத்தார்.

"இன்னிக்கி அவ வரல போல" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

டெலிமா மறுபடியும் ஊதினாள்.