அத்திலாந்திக்கில் ஒரு பிளாஸ்க் ரசம்

இலங்கையில் யுத்தம் முடிந்த அந்த வருடத்தின் கார்த்திகை மாதம். ரொறன்ரோவில் எல்லோரும் பனிச் சப்பாத்துகளைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தபோது, நான் அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவில், ஒரு பாய்ப்படகில், ஐந்து வயது மகளின் இடுப்புப்பட்டியைக் கயிற்றால் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

கணவரின் பழைய மனேஜர் ஓய்வுபெற்றதும் படகு வாங்கினார். கோடை முழுவதும் அவருடன் ஒன்ராறியோ ஏரியில் திரிந்து என் கணவருக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. கனேரித் தீவுகளிலிருந்து கரீபியன் வரை பல படகுகள் சேர்ந்து புறப்படும் பயணத்துக்கு மனேஜர் எங்களையும் கூப்பிட்டார். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் விட்பியில் எங்களோடு இருக்கும் மாமி கேட்டார்: “எங்கட சனம் உயிருக்குப் பயந்து வள்ளம் ஏறினது. நீங்கள் லீவு போட்டு ஏறுறீங்களோ?”

எனக்கும் அதே கேள்விதான். ஆனாலும் ஓம் என்று சொல்லிவிட்டேன். சொன்னது சரியா என்று கரையேறும்வரை யோசித்துக்கொண்டே இருந்தேன்.

படகு எந்நேரமும் ஒரு பக்கம் சாய்ந்தே ஓடும். தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பினால் அது அங்கே இருக்காது. விடியும்போது மேல்தளத்தில் பறக்கும் மீன்கள் விழுந்து கிடக்கும். மகள் ஒவ்வொன்றுக்கும் தன் வகுப்புப் பிள்ளைகளின் பெயரை வைப்பாள். நான் கொண்டுபோன பிரஷர் குக்கரைப் பார்த்துச் சிரித்த மனேஜர், சில நாட்களிலேயே பருப்புக்குத் தட்டோடு முதல் ஆளாக வந்து நின்றார். மூடி இறுக்கமாகப் பூட்டிக்கொள்வதால், எந்த ஆட்டத்திலும் சோறு சிந்தாது.

பாய் இழுக்கத் தெரியாத எனக்கு ரேடியோ வேலை தந்தார்கள். காலையில் மற்றப் படகுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவர்கள் தாங்கள் நிற்கும் இடத்தைச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் வரவு பார்க்க இடாப்புக் கூப்பிடுவது போலத்தான்.

ஒரு நாள் ஒரு படகு பதில் தரவில்லை. வயதான வெள்ளைக்காரத் தம்பதி இருவர் மட்டும் ஓட்டி வந்த சின்னப் படகு அது. மறுநாளும் பதில் இல்லை. ரேடியோ பழுதாகியிருக்கும் என்றார் மனேஜர். “இஞ்சாரும், சும்மா பதறாதையும். அவை எங்களை விடக் கடல் தெரிஞ்ச ஆக்கள்,” என்றார் கணவர்.

அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த வருடம் சித்திரை, வைகாசியில் யுத்தத்துக்குள் அகப்பட்டு வன்னியிலிருந்த என் சின்னம்மாவுக்குத் திரும்பத் திரும்பத் தொலைபேசி எடுத்தபோதும், “லைன் பிழையாயிருக்கும்” என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

பக்கத்துப் படகுகளுக்கு மட்டும் கேட்கும் இன்னொரு ரேடியோ இருந்தது. அந்தப் படகு எங்களுக்கு முன்னால் இதே வழியில்தான் போனது என்பதால், அதில் விடாமல் கூப்பிட்டேன். மகளும் கூடச் சேர்ந்து கூப்பிட்டாள். “உங்கட சத்தத்துக்கு மீனெல்லாம் ஆபிரிக்காவுக்குத் திரும்பிப் போயிட்டுது,” என்றார் கணவர்.

அடுத்த நாள் பின்னேரம் கரகரத்த ஒரு குரல் கேட்டது. அந்தப் பெரியவர்தான்! கைரேடியோவில் பேசினார். எல்லாம் நலம், உதவி ஒன்றும் தேவையில்லை, நீங்கள் போங்கள் என்றார். மனேஜர் நிம்மதியாகத் தலையாட்டினார். அவர்கள் நிற்கும் இடத்தைக் கேட்பதுதான் முறை. சந்தோஷத்தில் என் வாயிலிருந்து வந்ததோ வேறு. ஆங்கிலத்தில் கேட்டேன், சாப்பிட்டீர்களா என்று.

கணவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

 இந்த முறை ரேடியோவில் பெரியவரின் மனைவியின் குரல், “இல்லை” என்றது. டீசல் பில்டர் அடைபட்டு இயந்திரம் நின்றுவிட்டதால் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாவிட்டால் அவர்களுடைய அடுப்பின் காஸ் வால்வு திறக்காது. சில நாட்களாகப் பிஸ்கட்டும் ரின்னில் அடைத்த ஆறிப்போன மீனும்தான். பெரியவருக்கு அதுவும் வயிற்றில் நிற்கவில்லை. எழும்பவே முடியாமல் படுத்திருக்கிறார். அதைச் சொல்ல அவருக்கு வெட்கம்.

இடத்தைக் கேட்டறிந்து நாங்கள் அவர்களிடம் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அலையில் கிட்டப் போக முடியவில்லை. ஒரு பிளாஸ்க் ரசமும் குழையவிட்ட சோறும் தண்ணீர் போகாத பையில் கட்டிக் கயிற்றில் மிதக்க விட்டோம். இயந்திரத்துக்கு ஒரு டீசல் பில்டரும் அதே பையில் போனது. எப்படி மாட்டுவது என்று மனேஜர் ரேடியோவில் சொல்லிக்கொடுத்தார். ரசத்தில் மிளகு கூடிவிட்டதோ என்று நான் மட்டும் விடியவிடியக் கவலைப்பட்டேன்.

காலையில் இடாப்புக் கூப்பிட்டேன். அந்தப் படகின் முறை வந்ததும் பெரியவரின் குரல் பலமாகக் கேட்டது. இடத்தைச் சொல்லுமுன் அவர் சொன்னது: “சாப்பிட்டோம்!” அதன் பிறகு கரை சேரும்வரை ஒவ்வொரு படகும் தான் என்ன சாப்பிட்டது என்று சொல்லிவிட்டுத்தான் இடத்தைச் சொன்னது.

இந்தப் பயணத்துக்கு முன், அந்த வருட ஆவணியில், அகதி முகாமிலிருந்து சின்னம்மா ஒருவழியாகத் தொலைபேசி எடுத்தபோது, நான் கேட்ட எல்லாவற்றுக்கும் “சுகமா இருக்கிறன் பிள்ளை” என்றுதான் சொன்னார். சாப்பிட்டீங்களோ என்று கேட்டபோது மட்டும்தான் அவருக்குப் பேச்சு வரவில்லை. அதனால் இன்றைக்கும் யாராவது என்னிடம் எல்லாம் நலம் என்று சொன்னால், நான் அந்த ஒரு கேள்வியையும் கேட்டுவிட்டுத்தான் தொலைபேசியை வைக்கிறேன்.