சின்னம்மா சொன்ன குடும்பம்

காலை ஒன்பது பத்துக்கு மருத்துவர் வெள்ளைத் தாள் ஒன்றை மேசையில் வைத்து நடுவில் ஒரு வட்டம் வரைந்தார். அதுதான் சின்னம்மா. பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்குச் சதுரம், இறந்தவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு என்று அவர் விளக்கியபோது, சின்னம்மா தன் கதிரையைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

அவர் என் சித்தப்பாவின் மனைவி. மன்னார் ஓலைத்தொடுவாயில் கருவாடு போட்டு விற்று, ஒரே மகனைப் படிப்பித்தவர். முப்பது வயதில் மார்பில் வந்த புற்றுநோயில் இருந்து தப்பியவர். இருபது ஆண்டுகளுக்குப் பின் தொடைத் தசையில் ஒரு கட்டி வந்தது. அது பழைய நோயின் மிச்சமல்ல, புதியது என்று தெரிந்ததும் மருத்துவருக்குச் சந்தேகம் எழுந்தது. நான் கொழும்பில் பத்திரிகை வேலையில் இருந்ததால், அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பாயிற்று.

வீட்டில் யார் யார், யார் இறந்தார்கள், எந்த வயதில், எதனால் என்று மருத்துவர் கேட்டார். தாயைப் பற்றிச் சின்னம்மா விரிவாகவே சொன்னார். மார்பில் வந்த புண், பெரியமடுவுக்கு இடம்பெயர்ந்த மாதம், அங்கே எந்த மரத்தின் கீழ் கிடத்தினார்கள் என்பது வரை சொன்னார். பள்ளிக்கூடம் போகும் வயதில் தலைக்குள் கட்டி வந்து இறந்த தங்கைக்குக் கடைசியாக என்ன நிறச் சட்டை உடுத்தினார்கள் என்பதும் அவருக்கு நினைவிருந்தது. அண்ணனுக்கு மட்டும் ஒரே வாக்கியம்: "எலும்பில கட்டி வந்து இருபது வயசில செத்திட்டார்." எந்த எலும்பு என்று மருத்துவர் கேட்டார். சின்னம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, இடது கால் என்றார்.

மருத்துவர் அந்தச் சதுரத்தின் குறுக்கே கோடு இழுத்தார். இளவயது எலும்புக் கட்டிதான் தன் சந்தேகத்தை வலுவாக்குகிறது என்றார். எல்லோருடைய உடலிலும் பி53 என்றொரு பரம்பரை அலகு உண்டு; அது ஆக்கும் புரதம் உடற்கலத்தின் கருவுக்குள் இருந்துகொண்டு எந்த அலகு வேலை செய்யலாம், எது நிற்க வேண்டும் என்று கட்டளையிடும்; திருத்த முடியாதபடி பழுதான கலத்தைத் தானாகச் சாக வைக்கும்; அந்த அலகே பழுதாகிவிட்டால் சாக வேண்டிய கலம் சாகாமல் பெருகும்; அந்தப் பழுது பெற்றாரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரலாம் என்று நிதானமாக விளக்கினார்.

"அப்ப ரோட்டில ஆக்களை மறிக்கிற சென்றி மாதிரியெண்டு சொல்லுங்கோ," என்றார் சின்னம்மா. "எங்கட சென்றியில நல்லவனைத்தான் மறிச்சவங்கள். கள்ளன் கையைக் காட்டிப்போட்டுப் போவான்."

மருத்துவர் சிரித்தார். சின்னம்மா சிரிக்கவில்லை. இரத்தம் எடுத்து முடியும்வரை காத்திருந்து, அந்தக் குடும்பப் படம் யார் கைக்குப் போகும் என்று என் காதுக்குள் கேட்டார்.

அந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. சீருடைக்காரர் வீடு வீடாக வந்து ஆட்களை எண்ணிய காலத்தில் வளர்ந்தவன் நான். இல்லாத ஒருவர் ஏன் இல்லை என்று கேட்டால், வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். சின்னம்மாவின் பதில்களில் ஒன்று மட்டும் அப்படிப்பட்ட பதிலின் ஓசையில் இருந்தது. அண்ணனை இடம்பெயர்ந்த இடத்தில் புதைத்ததாகச் சொல்லி, ஊர்ச் சேமக்காலையில் ஒரு மரச் சிலுவை மட்டும் நட்டிருந்தார்கள். இறந்தோர் திருநாளில் சின்னம்மா அதற்கும் மெழுகுதிரி கொளுத்துவார். ஆனால் அன்றைய பூசையில் வாசிப்பதற்கு அவர் கொடுத்த பெயர்களில் தாயும் தங்கையும் இருப்பார்கள். அண்ணன் பெயரை நான் ஒருமுறையும் கேட்டதில்லை.

சில வாரங்களில் முடிவு வந்தது. பழுது இருந்தது. மகனின் இரத்தத்தில் அது இல்லை. இரத்த உறவினர் எல்லோருக்கும் இதைத் தெரிவிக்க வேண்டும், குறிப்பாக இளம் பெண்களுக்கு, காலத்தோடு பரிசோதித்தால் காப்பாற்றலாம் என்ற மருத்துவர், படத்தைப் பார்த்து, அண்ணனுக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். அவர் கலியாணம் கட்டவில்லை என்று சின்னம்மா சொன்னார்.

ஊருக்குப் பஸ்ஸில் திரும்பினோம். மன்னார்ப் பாலத்துக்கு முன்னால் உள்ள காவலரணில் இப்போது யாரையும் இறக்குவதில்லை. பஸ் அதைத் தாண்டிப் பாலத்தில் ஏறிய பிறகுதான் என் பக்கம் சாய்ந்தார்.

"தம்பி, செத்த ஆளின்ர பிள்ளையளுக்கும் இது வருமோ?"

"எத்தினை பிள்ளையள், சின்னம்மா?"

"ரெண்டு. ரெண்டும் பொம்பிளைப் பிள்ளையள்."

அண்ணன் படகேறி இராமேஸ்வரம் போனவர். அங்கே அகதியாக வேறு பெயரில் பதிந்து, வேறு பெயரிலேயே கலியாணம் கட்டி, மதுரைப் பக்கம் இருக்கிறார். தேடி வந்தவர்களுக்கு வீட்டார் சொன்ன காரணம் நோய். ஏற்கெனவே இருவரைக் கொண்டுபோன நோய் என்பதால் ஊரும் நம்பியது. பூசையில் பெயர் கொடுக்காததைப் பற்றிக் கேட்டேன். "சிலுவை நடலாம், அது மரந்தானே. உயிரோட இருக்கிறவருக்குப் பூசையில பேர் குடுக்கேலுமோ?" என்றார்.

தொலைபேசியில் சொன்னால் போதும் என்றேன். தொலைபேசியை யார் கேட்கிறார்கள் என்பது உனக்குத் தெரியுமா என்று திருப்பிக் கேட்டார். மருத்துவர் எதற்காகப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார், இத்தனை காலம் கழித்து யாராவது கணக்குப் பார்க்கிறார்களா என்று சில வாரங்கள் யோசித்தார். அண்ணன் வெளியே தெரிந்தால் அங்கே அவர் பதிவு கெடும். தெரியாமல் இருந்தால் பிள்ளைகள் ஒன்றும் அறியாமல் இருப்பார்கள். நடுவில் என் மேலும் சந்தேகம் வந்தது. "நீ பேப்பர்க்காரன். எழுதமாட்டாய் எண்டு நான் எப்பிடி நம்புறது?" பெயர்களை எழுதமாட்டேன் என்றேன்.

நான் ஊருக்குப் போயிருந்த ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து, அயல் கேட்காதபடி வானொலியின் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு என் தொலைபேசியை வாங்கினார். அண்ணனின் முதல் கேள்வி எனக்கும் கேட்டது. "ஆர் உன்னைக் கதைக்கச் சொன்னது? பக்கத்தில ஆர் நிக்கிறான்?" சின்னம்மா கையைக் காட்டி என்னை வெளியே போகச் சொன்னார். வேலியோரம் நின்றேன். வானொலிக்கு மேலால் அவர் குரல் வந்தது.

"ஒருத்தரும் சொல்லேல்லை, அண்ணை. நீங்கள் கால் கட்டியில செத்ததெண்டு டொக்டரிட்டச் சொன்னனான். அதாலதான் இரத்தத்தைப் பாத்தவங்கள்... சிரிக்காதேங்கோ."

கடைசியில் சின்னம்மா ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. பேரை மாத்திச் சொல்லுங்கோ, ஊரை மாத்திச் சொல்லுங்கோ. அம்மாவுக்கு என்ன வந்ததெண்டதை மட்டும் மாத்தாதேங்கோ."

சின்னம்மா அடுத்த ஆண்டு, சோளகக் காற்று தொடங்கும் முன் இறந்தார். அண்ணனின் மூத்த மகள் மதுரையில் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தாள். இளையவள் கொடுக்கவில்லை.