வயர்மேனுக்கு அடித்த ஷாக்

முதல் ஷாக் அடித்தபோது வயர்மேனின் கை வாஷிங் மெஷின் மேல் இருந்தது. அதனால் பழி மெஷின் மேல் விழுந்தது. முப்பது வருஷமாக ஊரார் வீட்டுக்கெல்லாம் வயர் இழுத்துக் கொடுத்தவர் வீட்டிலேயே லீக்கேஜ் என்று வெளியே தெரிந்தால் தலைகாட்ட முடியுமா? பேசாமல் மெயினை அணைத்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்தார்.

மெயின் அணைந்திருக்கும்போதே இரண்டாவது ஷாக் அடித்தது. குதிரை நெஞ்சில் உதைத்த மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுக் கரண்ட் சுவர் வழியாக வருகிறது என்று முடிவு கட்டினார். அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, எதையும் தொடாமல் மர ஸ்டூல் மேல் ஏறி நின்றார். மூன்றாவது ஷாக் அங்கே வந்து அடித்தது. ஸ்டூலோடு சேர்ந்து விழுந்தார்.

"ஏங்க, ரெண்டு வருஷம் முன்னாடி உங்க நெஞ்சுல ஒரு பெட்டி வெச்சாங்களே, அதுவா இருக்குமோ?" என்றாள் மனைவி.

யானைக்கும் அடி சறுக்கும். மாரடைப்புக்குப் பிறகு தோலுக்கடியில் வைத்த பெட்டி அது. இதயம் தறிகெட்டு ஓடினால் ஷாக் கொடுத்து நிறுத்துவது அதன் வேலை. இரண்டு வருஷமாக வாயே திறக்காததால் அதை அவர் அடியோடு மறந்திருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இன்னும் நான்கு அடித்தது. மருந்து ஏற்றினார்கள். ஒரு மணி நேரம் அடங்கியிருந்துவிட்டு மறுபடி இரண்டு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவருக்குப் பயமாக இருந்தது. செத்துப்போவோம் என்று அதுவரை நினைத்தே பார்க்காதவர், இப்போது வேறு எதையும் நினைக்க முடியாமல் கிடந்தார்.

"மாரடைப்பு விட்டுட்டுப் போன தழும்புல கரண்ட் சுத்திச் சுத்தி வருது," என்றாள் டாக்டர். "தொடை ரத்தக்குழாய் வழியா மெல்லிசா ஒரு குழாயை இதயத்துக்குள்ள அனுப்பி, அந்த எடத்தைத் தேடிச் சுட்டுடுவோம். இப்பவே செஞ்சாகணும். ஆபத்தே இல்லைன்னு சொல்ல மாட்டேன். சுட்டு முடிச்சதும், அந்தத் துடிப்பை நாங்களே தூண்டிப் பாப்போம். வந்துச்சுன்னா வேலை இன்னும் பாக்கின்னு அர்த்தம்."

கையெழுத்துப் போட இருந்த மனைவி பேனாவைக் கீழே வைத்தாள். "அடங்கினதை எதுக்கு எழுப்பணும்? சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையால்ல இருக்கு! சுட்டதோட விட்டுடுங்க."

"எல்லா ஸ்விட்சையும் ஒண்ணா போட்டு லோடு தாங்குதான்னு பாக்காம எந்த வீட்டையாவது நான் ஒப்படைச்சிருக்கேனா?" என்றார் வயர்மேன்.

"அது வீடு. எரிஞ்சா வேற வயர் மாத்திக்கலாம்."

"பாதி வேலையோட என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகாத. போடு கையெழுத்தை."

போட்டாள். அது அவள் கையெழுத்து மாதிரியே இல்லை.

நாலு மணி நேரம் வெளியே உட்கார்ந்து, 'அமைதி காக்கவும்' என்ற பலகையை அவள் நாற்பது தடவை படித்தாள். பலகை சொன்னபடியே அமைதியாகத்தான் அழுதாள். டாக்டர் வெளியே வந்து முகமூடியைக் கழற்றினாள்.

"முதல் எடத்தைச் சுட்டதும் அடங்கிடுச்சு. தூண்டிப் பாத்தோம், திரும்ப வந்துடுச்சு. ரெண்டாவதா ஒரு எடம் ஒளிஞ்சிருந்தது. அதையும் சுட்டாச்சு. அப்புறம் மூணு தடவை தூண்டியும் வரல."

அப்படியே விட்டிருந்தால் அந்த இரண்டாவது இடம் வீட்டில் வந்து வேலையைக் காட்டியிருக்கும். மனைவிக்கு அது புரிந்தது. ஆனால் புருஷன் சொன்னதுதான் சரி என்று வாய் திறந்து சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை.

வயர்மேன் கண் விழித்தபோது, தலைமாட்டில் மானிட்டர் அவர் துடிப்பை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தது. மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி, உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தாள். நூறு வந்ததும் மறுபடி ஒன்று.

"அதான் மிஷின் எண்ணுதே, நீ வேற எதுக்கு?" என்றார்.

"மிஷினுக்கு நீங்க யாரு?" என்றாள். பேசியதில் கணக்கு விட்டுப்போனதால், மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.