வெண்டைப் பிஞ்சில் அடித்த மருந்து

கணவர் போனபின் நான் சாமி பெயரைச் சொன்னதே இல்லை. திருவிடைமருதூரில் எங்கள் கொல்லையில் போட்ட காய்கறிச் செடிகள்தான் என்னை மெல்லத் தேற்றின.

ஒருநாள் வெண்டையில் பூச்சி விழவே, வயலுக்கு வாங்கி மீந்திருந்த மருந்தை அடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் வந்திருந்த நாத்தனார் நாலைந்து பிஞ்சுகளைப் பறித்துப் பச்சையாகவே தின்றுவிட்டாள். சற்று நேரத்தில் வாந்தி, மயக்கம். ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் அவள் தலையை மடியில் தாங்கியபடி, "மகாலிங்கசாமி, இவளையும் எடுத்துக்காதப்பா" என்று கதறினேன்.

மாலையில் கண்விழித்தவள், "அண்ணி, நீங்க சாமியக் கூப்பிட்டது காதுல விழுந்துச்சு" என்றாள்.

இப்போது வேப்பெண்ணெய் மட்டும்தான் தெளிக்கிறேன். தெளித்ததை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன். காலையில் தண்ணீர் ஊற்றும்போது சாமியோடு பேசுகிறேன். சில நாள் சண்டையும் போடுகிறேன்.